மேடை இல்லாத பள்ளியில் நாடகம்: எந்த இடத்தைத் தேர்வது?

தமிழ்நாட்டின் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் நாடகத்துக்கென்றே கட்டப்பட்ட அரங்கம் இருப்பது மிக அரிது. வகுப்பறைகள் இருக்கும், அவற்றின் முன்னே ஒரு தாழ்வாரம் இருக்கும், காலை வழிபாட்டுக் கூட்டம் நடக்கும் திடல் இருக்கும். சற்று வசதியான பள்ளியாக இருந்தால், தொகுதி மேம்பாட்டு நிதியிலோ முன்னாள் மாணவர்களின் நன்கொடையிலோ எழுப்பப்பட்ட கான்கிரீட் கலையரங்க மேடை ஒன்று திடலின் ஓரத்தில் இருக்கும். ஆண்டு விழாவுக்குத் தேதி குறித்தவுடன், இவற்றுள் எந்த இடத்தில் நாடகத்தை வைப்பது என்று பொறுப்பாசிரியர் பெரும்பாலும் யோசிப்பதில்லை. மேடை இருந்தால் மேடை, இல்லையென்றால் பந்தல்காரரிடம் சொல்லிப் பலகை அடித்த தற்காலிக மேடை என்று அது தானாகவே முடிவாகிவிடுகிறது. நாடகத்தின் தரத்தைக் கதையைவிடவும் ஒப்பனையைவிடவும் இந்த ஒரு முடிவே அதிகமாகத் தீர்மானிக்கிறது என்று நான் நம்புவதால், கிடைக்கக்கூடிய இடங்களை இங்கே ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

ஒப்பீட்டுக்காக ஒரு பொதுவான நிலையை வைத்துக்கொள்வோம். ஆறாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை படிக்கும் 15 பிள்ளைகள் நடிக்கிறார்கள். நாடகம் அரை மணி முதல் முக்கால் மணி வரை நடக்கும். பள்ளியில் 400 மாணவர்கள் இருக்கிறார்கள். செலவுக்குச் சில ஆயிரம் ரூபாய்க்கு மேல் கிடைக்காது. இந்த நிலையில் ஐந்து வழிகள் தென்படுகின்றன: திடலில் உள்ள கலையரங்க மேடை, வாடகைக்கு எடுக்கும் கல்யாண மண்டபம், வகுப்பறை, தாழ்வாரமும் அதன் முன்னுள்ள முற்றமும், மரத்தடி.

இவற்றை எதைக்கொண்டு அளப்பது என்பதில்தான் கருத்து வேறுபாடு வரும். எத்தனை நாற்காலிகள் போடலாம், சிறப்பு விருந்தினர் எங்கே அமர்வார், புகைப்படம் எப்படி வரும் என்பவையே விழாக் குழுவில் வழக்கமாகப் பேசப்படுகின்றன. நான் முதலில் வைக்கும் அளவுகோல், 12 வயதுப் பிள்ளையின் குரல் ஒலிபெருக்கி இல்லாமல் எத்தனை அடி தொலைவுக்குச் சொல் சிதையாமல் போய்ச் சேரும் என்பது. திறந்தவெளியில் தொலைவு இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிவிடுகிறது. 10 அடியில் கணீரென்று கேட்ட குரல் 40 அடியில் பதினாறில் ஒரு பங்குச் செறிவோடுதான் காதை எட்டுகிறது. அந்த நேரத்தில் சாலையில் ஒரு பேருந்து ஹாரன் அடித்தால் வசனம் முழுவதும் காணாமல் போகும். சில வாரங்கள் குரல் பயிற்சி பெற்ற பிள்ளைகளின் பேச்சு, காற்று அதிகமில்லாத திறந்தவெளியில் 30 அடி வரை தெளிவாகச் சேரும் என்பது என் கணிப்பு. அதற்கு அப்பால் அமர்ந்திருப்பவர்கள் நாடகத்தைப் பார்க்கிறார்களே தவிரக் கேட்பதில்லை. கேட்காத பிள்ளைகள் ஐந்தாவது நிமிடத்தில் தமக்குள் பேசத் தொடங்குவார்கள், அந்தப் பேச்சொலி முன்வரிசையில் கேட்டுக்கொண்டிருந்தவர்களையும் கெடுத்துவிடும்.

மைக் வைத்துக்கொள்ளலாமே என்று உடனே கேட்பார்கள். பள்ளி விழாக்களுக்கு வரும் ஒலி அமைப்பாளர் பெரும்பாலும் மூன்று ஸ்டாண்டு மைக்குகளையும் ஒரு கார்டுலெஸ் மைக்கையும் கொண்டுவருவார். ஸ்டாண்டு மைக் வைத்த மேடையில் பிள்ளைகள் நடிப்பதை நிறுத்திவிட்டு, முறை வைத்து மைக்கின் முன் வந்து நின்று, குனிந்து ஒப்பித்துவிட்டுத் திரும்புகிறார்கள். அரசனும் அமைச்சரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருவருமே மைக்கைப் பார்த்துப் பேசுவது இதனால்தான். ஒவ்வொருவருக்கும் காலர் மைக் என்பது 15 பேருக்குக் கட்டுப்படியாகாது. இந்தச் சிக்கலிலிருந்து தப்பிக்கப் பல பள்ளிகளில் வசனத்தை முன்கூட்டியே ஒலிப்பதிவு செய்து ஓடவிட்டு, பிள்ளைகளை வாயசைக்கச் செய்கிறார்கள். இதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் ஒரு பிள்ளை, தன் சொந்தக் குரலால் நூறு பேரை அமைதியாக்க முடியும் என்பதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு பள்ளி வாழ்க்கையில் வேறெங்கும் எளிதில் கிடைக்காது. ஒலிப்பதிவு அந்த வாய்ப்பைப் பிடுங்கிக்கொள்கிறது.

ஆகவே, இடத்தைப் பெரிதாக்குவதைவிடக் கூட்டத்தைச் சிறிதாக்கி, ஒரே நாடகத்தை மூன்று முறை ஆடுவதே சிறந்தது என்பது என் நிலைப்பாடு. ஐந்து இடங்களையும் இந்தக் கண்ணோட்டத்தோடுதான் எடைபோடுகிறேன்.

கலையரங்க மேடையில் நன்மைகள் இல்லாமல் இல்லை. பின்சுவர் இருப்பதால் குரல் முன்னோக்கித் திருப்பப்படுகிறது. பல மேடைகளில் பக்கவாட்டில் ஓர் அறை இருக்கும். ஒப்பனைக்கும் உடை மாற்றவும் அது உதவும். மின் இணைப்பு உண்டு. பெற்றோருக்கும் பழகிய இடம். ஆனால், இந்த மேடைகள் கொடியேற்றத்துக்கும் பரிசளிப்புக்கும் உரைகளுக்கும் கட்டப்பட்டவை. தரையிலிருந்து மூன்றடி, நான்கடி உயரத்தில் இருக்கும் மேடையின் முன் ஜமக்காளத்தில் அமர்ந்திருக்கும் சிறு பிள்ளையின் கண்மட்டம் தரையிலிருந்து சுமார் இரண்டடிதான்; நடிப்பவர் உட்கார்ந்தாலோ படுத்தாலோ அந்தப் பிள்ளைக்கு எதுவும் தெரியாது. போதாததற்கு, மேடைக்கும் மாணவர்களுக்கும் இடையே விருந்தினர்களின் சோபா வரிசை வந்துவிடுகிறது. நடிப்பவர்களின் வயதையொத்த பார்வையாளர்கள், அதாவது இந்த நாடகம் யாருக்காகத் தயாரிக்கப்பட்டதோ அவர்கள், 25 அடிக்கு அப்பால் தள்ளப்படுகிறார்கள்.

மேடையைத்தான் பயன்படுத்தியாக வேண்டும் என்றால், சில மாற்றங்கள் பெரும் வேறுபாட்டை உண்டாக்கும். சோபாக்களை நடுவிலிருந்து எடுத்துப் பக்கவாட்டில் போடச் சொல்லலாம். விருந்தினர்கள் பெரும்பாலும் மறுப்பதில்லை, தயங்குவது விழாக் குழுதான். பின்சுவரை ஒட்டி நடிப்பதைத் தவிர்த்து, மேடையின் முன் எட்டடிக்குள் ஆட்டத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மேடைக்கு முன்னுள்ள தரையையும் ஆடுகளமாக எடுத்துக்கொண்டு, கூட்டக் காட்சிகளைக் கீழேயும் அரண்மனை போன்ற காட்சிகளை மேலேயும் நடத்தலாம். வசனம் குறைந்து, பாட்டும் தாளமும் கூட்டசைவும் மிகுந்த நாடகமாக இருந்தால் கலையரங்க மேடை நன்றாகவே பொருந்தும். பேச்சை நம்பிய நாடகத்துக்கு அது பொருந்தாது.

வெளிச்சம் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனெனில் மாலை விழாக்களில் கெடுவது பெரும்பாலும் அதுதான். ஆண்டு விழாக்கள் அதிகம் நடக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நம் ஊர்களில் சூரியன் மாலை ஆறு மணியை ஒட்டி மறைகிறது. ஐந்தரை மணிக்கு ஆட்டம் தொடங்கினால் முதல் பாதி வெயிலிலும் பின்பாதி மங்கலிலும் போகும். அந்த மாதங்களில் சூரியன் மேற்கிலிருந்து சற்றுத் தெற்கே சாய்ந்து இறங்குவதால், நடிப்பவர்கள் தெற்கு நோக்கியும் பார்ப்பவர்கள் வடக்கு நோக்கியும் இருக்குமாறு அமைத்தால், வெளிச்சம் நடிகர்களின் முகத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். யார் கண்ணும் கூசாது. கட்டப்பட்ட மேடையின் திசையை மாற்ற முடியாது என்பதும் அதன் குறைகளில் ஒன்று. இருட்டிய பிறகு ஆடுவதானால், பழைய 500 வாட் ஹாலஜன் விளக்குகள் இரண்டை ஒரு சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் கொடுத்தாலே அதன் எல்லையை நெருங்கிவிடுகிறோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். 50 வாட் எல்.இ.டி. ஃப்ளட் விளக்குகள் நான்கு போதும். அவற்றைத் தலைக்கு மேலே எட்டடி உயரத்தில், முன்பக்கத்தின் இரு மூலைகளிலிருந்தும் சாய்வாக அடிக்க வேண்டும். நேர் எதிரே இருந்து அடித்தால் முகம் தட்டையாகிவிடும். தூண்களுக்குப் பின்னாலிருந்து அடித்தால் நடிகர்கள் மீது கோடு கோடாக நிழல் விழும். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை அரங்கின் நீள அகலங்களையும் இரண்டு வாயில்களையும் சொல்லிவிட்டு, தூண்களின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கு நிறுத்த வேண்டும் என்பதையும் மறக்காமல் சொல்கிறது. பள்ளித் தாழ்வாரத்தில் நாடகம் போடுகிறவர்களுக்கு இன்றும் அப்படியே பயன்படும் குறிப்பு அது.

கல்யாண மண்டபத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மழை, வெயில், வண்டிச் சத்தம் எதுவும் அண்டாது என்பதும், பெற்றோர் எல்லோரும் வரலாம் என்பதும் அதன் பலம். முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் வாடகையைக் குறைத்துக் கேட்க முடியும்; ஆனால் மார்கழியில் அரையாண்டுத் தேர்வும் விடுமுறையும் குறுக்கே வருகின்றன. பளிங்குத் தரையும் வெற்றுச் சுவர்களும் கொண்ட நீண்ட கூடத்தில் எதிரொலி பெருந்தொல்லை. ஒலியைத் திருப்பும் சுவர் சுமார் 17 மீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் ஒவ்வொரு சொல்லும் தனியாகத் திரும்பி வந்து அடுத்த சொல்லின் மீது விழும்; கூடம் நிரம்பினால் இது குறையும், ஆனால் ஒத்திகையின்போது கூடம் காலியாகத்தான் இருக்கும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை ஒத்திகைதான். மண்டபம் விழா நாளன்று காலையில்தான் கைக்கு வரும். ஒரு மாதம் வகுப்பறை அளவில் பழகிய பிள்ளைகள், மூன்று மடங்கு அகலமுள்ள மணமேடையில் திடீரென்று நிறுத்தப்பட்டால் எவ்வளவு நடக்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது தெரியாமல் திகைப்பார்கள். சில ஆயிரங்கள் மட்டுமே உள்ள பள்ளி, அதை ஒரு நாள் வாடகையில் கரைப்பதைவிட இரண்டு விளக்குகளும் ஒரு பறையும் சில வேட்டிகளும் வாங்கிப் பள்ளியிலேயே வைத்துக்கொள்வது மேல்.

வகுப்பறை இதற்கு நேர் எதிரானது. நாள்தோறும் ஒத்திகை பார்த்த அதே இடத்தில் ஆடலாம். 20 அடிக்கு 20 அடி அறையில் பாதியை ஆடுகளமாக எடுத்துக்கொண்டால், மறுபாதியில் ஒருவருக்கு ஐந்து சதுர அடி என்ற கணக்கில் 40 பேர் தரையில் அமரலாம். அங்கே கிசுகிசுப்புகூடக் கேட்கும். ஒரு பெருமூச்சும் ஒரு கண்ணசைவும் கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும். மற்ற நான்கு இடங்களிலும் கிடைக்காத இருட்டு இங்கே கிடைக்கிறது: ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடினால் பட்டப்பகலில் நிழற்பாவை காட்டலாம், ஒரு டார்ச் விளக்கால் காட்டையும் கிணற்றையும் உண்டாக்கலாம். கரும்பலகையே பின்னணித் திரையாகிவிடும். காட்சி மாறும்போது ஒரு பிள்ளை வந்து மலையை அழித்துவிட்டுக் கடலை வரைந்தால் பார்ப்பவர்கள் அதையும் நாடகமாகவே ரசிக்கிறார்கள். துணியில் வரைந்த திரைக்குச் செலவழிக்கும் பள்ளிகள் இதை ஒருமுறை செய்து பார்க்க வேண்டும்.

ஆனால், 400 மாணவர்களும் பார்க்க வேண்டுமென்றால் பத்து முறை ஆட வேண்டும். பிள்ளைகளின் தொண்டையும் ஆர்வமும் அதற்குத் தாங்காது. கல்நார் ஓடு வேய்ந்த அறைகளில் வெப்பமும் உண்டு. மின்விசிறியைப் போட்டால் இரைச்சல், நிறுத்தினால் புழுக்கம். இடையில் மடக்குத் தட்டி வைத்த இரட்டை வகுப்பறை இருக்கும் பள்ளிகளில் 100 பேர் வரை அமரலாம். ஆனால் அறை நீளவாக்கில் நீண்டுவிடுவதால் பின்வரிசைக்குத் தலைகள் மறைக்கும். அங்கே ஆடுகளத்தை ஒரு முனையில் வைக்காமல் நீளச் சுவரின் நடுவில் வைப்பது நல்லது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் வகுப்பறையைப் பரிந்துரைக்க முடியாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் ஒரு பள்ளியில் மூண்ட தீயில் 94 குழந்தைகள் உயிரிழந்தார்கள். சமையற்கூடத்திலிருந்து கீற்றுக் கூரைக்குத் தீ தாவியது; வெளியேறும் வழி குறுகலாக இருந்தது. கூட்டத்தை ஓர் அறைக்குள் அடைத்து, துணியால் மறைத்து, மின்கம்பிகளை இழுத்துவிடும் எவரும் அந்த நாளை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு கதவுகள் உள்ள அறையை மட்டுமே தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டும் தாழிடப்படாமல், துணி தொங்காமல், முன்னே பெஞ்சு இல்லாமல் இருக்க வேண்டும். கதவுக்கு ஓர் ஆசிரியர் வீதம் நிற்க வேண்டும். காட்சியில் அகல் விளக்கோ தீப்பந்தமோ எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். திடலில் போடும் பந்தலுக்கும் கீற்று வேண்டாம். மாடியில் உள்ள அறை, அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும், இந்தக் காரியத்துக்கு ஏற்றதல்ல.

தாழ்வாரமும் முற்றமும் சேர்ந்த இடத்தை நம் பள்ளிகள் போதிய அளவுக்குக் கவனிக்கவில்லை என்பது என் குறை. 'ப' வடிவில் கட்டப்பட்ட பள்ளிகளில் மூன்று பக்கச் சுவர்கள் குரலைத் தாங்கிக்கொள்கின்றன, சாலை இரைச்சல் பாதியாகக் குறைகிறது, தாழ்வாரம் தரையைவிட ஓரடி, ஒன்றரை அடி உயரத்தில் இருப்பதால் அதுவே தாழ்ந்த மேடையாகிவிடுகிறது. சிறு பிள்ளைகளின் கண்மட்டத்துக்கு இந்த உயரம்தான் சரியானது. வகுப்பறைக் கதவுகள் நடிகர்கள் வந்து போகும் வாயில்களாகவும், வகுப்பறைகள் ஒப்பனை அறைகளாகவும் பயன்படும். ஊர்ப் பஞ்சாயத்து, சந்தை, மருத்துவமனை, பேருந்து நிலையம் எனப் பல இடங்களில் நடக்கும் கதையென்றால், தூண்களுக்கு இடைப்பட்ட ஒவ்வோர் இடைவெளியையும் ஓர் இடமாக வகுத்துக்கொள்ளலாம். ஆனால் தாழ்வாரத்தின் அகலம் ஆறேழு அடிக்கு மேல் இருக்காது. 15 பேரும் ஒரே காட்சியில் வந்தால் வரிசை கட்டி நிற்பதைத் தவிர வழியில்லை. தூண்களும் மறைக்கும். எனவே தாழ்வாரத்தை மட்டும் நம்பாமல் முற்றத்தில் பத்துப் பதினைந்தடியைச் சேர்த்துக்கொள்வது அவசியம். முற்றத்தில் சிமெண்டுத் தளம் போட்டிருந்தால், காலை பத்தரை மணிக்கு மேல் வெறுங்காலுடன் ஆடவிடக் கூடாது.

மரத்தடியை நான் கடைசியாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதைத் தேர்ந்தெடுக்கும்போது நாடகத்தின் அமைப்பே மாறிவிடுகிறது என்பதுதான். மேடையில் ஒரு பக்கம்தான் பார்வையாளர்கள்; மரத்தடியில் மூன்று பக்கமும் உட்காருவார்கள், விட்டால் நான்கு பக்கமும். இதைக் குறையாக நினைக்கும் ஆசிரியர்கள், நம் கூத்து மரபு இப்படித்தான் வளர்ந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். தெருக்கூத்தில் பின்னால் இசைக்கலைஞர்களின் பெஞ்சு, மற்ற பக்கங்களில் ஊர், அவ்வளவுதான் அரங்கம். மட்டக்களப்பின் கூத்துகள் வட்டக்களரியில் நாற்புறமும் மக்கள் சூழ ஆடப்பட்டன. கொல்கத்தாவின் நாடகாசிரியர் பாதல் சர்க்கார் 1970-களில், ஒரு பக்கமிருந்து மட்டுமே பார்க்கும் படச்சட்ட மேடையைக் கைவிட்டு, சாதாரண அறைகளிலும் திறந்தவெளிகளிலும் பார்வையாளர்களின் நடுவே ஆடத் தொடங்கினார். 1980-இல் சென்னையை அடுத்த சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அவர் நடத்திய பயிற்சிப் பட்டறை தமிழின் நவீன நாடகக்காரர்கள் பலரிடம் ஆழ்ந்த தாக்கத்தை உண்டாக்கியது. புதுச்சேரியின் நாடகக் கலைஞர் வேலு சரவணன் குழந்தைகளுக்கான நாடகங்களைப் பள்ளித் திடல்களுக்கே கொண்டுபோய், சுற்றி அமர்ந்திருக்கும் பிள்ளைகளையும் ஆட்டத்துக்குள் இழுத்துக்கொள்கிறார். மேடை கிடைக்காததால் மரத்தடிக்குப் போகிறோம் என்று கூச்சப்படுவதற்கு எந்தக் காரணமும் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தாலும் மரத்தடிக்கே சாதகமாக வருகிறது. 20 அடி அகலமுள்ள ஆடுகளத்தின் முன்னால் 150 பேரை நேர் வரிசைகளில் உட்கார வைத்தால், கடைசி வரிசை ஏறத்தாழ 37 அடிக்குப் போய்விடும். அதே 150 பேரை அரைவட்டமாக வளைத்து உட்கார வைத்தால், இடையில் நடைவழிகள் விட்டும், கடைசிப் பிள்ளை ஆடுகளத்தின் விளிம்பிலிருந்து 16 அடிக்குள் இருப்பான். மூன்று முறை ஆடினால் பள்ளி முழுவதும் பார்த்துவிடும். ஒருவரும் குரல் எட்டும் எல்லைக்கு வெளியே இருக்க மாட்டார்கள். ஒலிபெருக்கிக்கான செலவு அடியோடு இல்லாமல் போகும்.

இதற்கு உழைப்பு வேறு வகையில் தேவைப்படுகிறது. புங்கமரம், வேப்பமரம் போன்ற அடர்ந்த நிழல் தரும் மரமாகப் பார்க்க வேண்டும். மாமரத்தடியில் முசுறு எறும்பு இருக்கிறதா என்று முந்தின நாளே கிளைகளைப் பார்த்துவிட வேண்டும். தரையைக் கூட்டி, முள்ளும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி, தண்ணீர் தெளித்துப் புழுதியை அடக்க வேண்டும். நிழல் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால், ஆட்டம் நடக்கப்போகும் அதே நேரத்தில் சில நாள்கள் முன்பே போய்ப் பார்த்துச் சுண்ணாம்பால் எல்லை குறித்துக்கொள்வது நல்லது. காற்று நடிகர்களின் முதுகுப் பக்கமிருந்து பார்வையாளர்களை நோக்கி வீசுமாறு அமைத்துக்கொண்டால் குரல் எளிதாகப் போகும். முதல் மூன்று வரிசைகள் பாயில், அடுத்தவை குட்டைப் பெஞ்சுகளில், அதற்குப் பின் உயர்ந்த பெஞ்சுகளில் என்று உட்கார வைத்தால், மேடையே இல்லாமல் எல்லோருக்கும் நடிகரின் பாதம் வரை தெரியும்.

நடிப்பிலும் பழக்க வேண்டியவை உண்டு. ஒரே பக்கத்தைப் பார்த்து நீண்ட வசனம் பேசக் கூடாது. பேச்சின் நடுவே ஒரு காரணத்தோடு திரும்ப வேண்டும். இருவர் எதிரெதிரே நெருங்கி நின்றால் ஒருவரையொருவர் மறைப்பார்கள். சற்று விலகிச் சாய்வாக நின்றால் மூன்று பக்கமும் முகம் தெரியும். ஒத்திகையின்போது மூன்று பக்கமும் ஒவ்வொரு பிள்ளையை உட்கார வைத்து, கேட்காதபோதும் தெரியாதபோதும் கையைத் தூக்கச் சொன்னால், இயக்குநராக இருக்கும் ஆசிரியர் தனியாகக் கத்த வேண்டியதே இல்லை. ஒளிந்துகொள்ளப் பக்கத்தட்டிகள் கிடையாது என்பதால், காட்சியில் இல்லாதவர்கள் ஆடுகளத்தின் ஓரத்தில் பெஞ்சில் அமர்ந்து பறையும் ஜால்ராவும் வாசித்து, குழுப்பாட்டும் பாடலாம். புதிய பாத்திரம் வரும்போது கூத்தில் செய்வதுபோல இருவர் ஒரு வேட்டியைத் திரையாகப் பிடித்து விலக்கினால் போதும். காட்சி மாறும் இடைவெளியை, கூத்தில் கதையை அறிவித்து வேடிக்கையாகப் பேசும் கட்டியங்காரன் பேசி நிரப்பிவிடுவான். அந்த வேடம் வாயாடி என்று ஆசிரியர்களிடம் திட்டு வாங்கும் பிள்ளைக்கு மிகவும் பொருந்தும்.

மூன்று முறை ஆடுவது என்றவுடன் தலைமையாசிரியர் எழுப்பும் தடைகளை நான் மதிக்கிறேன். பாடவேளை கெடும் என்பது முதல் தடை. ஆனால், வகுப்பு வாரியாகப் பிரித்து மூன்று நாள்களில் காலை முதல் பாடவேளையில் ஆடினால், பார்ப்பவர்களுக்கு ஆளுக்கு ஒரு பாடவேளைதான் போகும். மாலை விழாவுக்காகப் பந்தலும் அலங்காரமும் என்று பள்ளி முழுவதும் கலையும் நாளைவிட இது குறைவு. பெற்றோர் எப்படிப் பார்ப்பார்கள் என்பது அடுத்தது. நடிக்கும் பிள்ளைகளின் பெற்றோரை மூன்றில் ஒரு காட்சிக்கு அழைக்கலாம். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலை நேரம் முடியாது என்பது உண்மையான சிக்கல், அவர்களுக்காக ஒரு காட்சியை மாலை நாலரை மணிக்கு வைப்பது நியாயம். விருந்தினர் முன் ஆடாவிட்டால் பள்ளிக்குப் பெருமை இல்லையே என்பது மூன்றாவது தடை. அதற்கு, ஆண்டு விழா மேடையில் பத்து நிமிடப் பாட்டுக் காட்சி ஒன்றை மட்டும் ஆடிக் காட்டுவதே போதும். திரும்பத் திரும்ப ஆடுவதில் பிள்ளைகளுக்கும் லாபம் இருக்கிறது: முதல் முறை பயம், இரண்டாம் முறை தெளிவு, மூன்றாம் முறைதான் அவர்கள் பார்வையாளர்களின் சிரிப்புக்குக் காத்திருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். ஒரே ஒருமுறை ஆடும் பள்ளிகளில் பிள்ளைகள் இந்த மூன்றாவது நிலையை எட்டுவதே இல்லை.

ஆகவே நாம் எடுத்துக்கொண்ட 400 மாணவர் பள்ளிக்கு என் தேர்வு மரத்தடி. மரம் இல்லாத பள்ளிக்கும் நெடுஞ்சாலையை ஒட்டிய பள்ளிக்கும் தாழ்வாரமும் முற்றமும் சேர்ந்த இடம். மழைக்கு அஞ்ச வேண்டிய அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களிலும், பேச்சும் அமைதியும் மிகுந்த நாடகத்துக்கும், வாய்ப்பிருந்தால் இரட்டை வகுப்பறை. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் படிக்கும் நகர மேல்நிலைப் பள்ளிகளில் மூன்று காட்சிகள் போதாது என்பதால், அங்கே கலையரங்க மேடையைத் தவிர்க்க முடியாமல் போகலாம். அப்போதும் கதையை மேடைக்கேற்பப் பாட்டும் கூட்டசைவுமாக மாற்றி எழுத வேண்டும், மைக்கைத் தேடிப் போகக் கூடாது. பத்துப் பள்ளிகள் சேர்ந்து நடத்தும் நாடக நாளுக்கு வேண்டுமானால் மண்டபத்தை எடுக்கலாம், வாடகையும் பகிர்ந்துகொள்ளப்படும்.

2022-23 கல்வியாண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாப் போட்டிகளுக்குப் போகும் குழுக்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. பள்ளி அளவில் மரத்தடியில் மூன்று பக்கமும் பார்த்து ஆடிப் பழகியவர்கள், வட்டார, மாவட்டப் போட்டிகளில் ஒருபக்க மேடையில் நடுவர்களின் முன் ஆட வேண்டியிருக்கும். இதற்காக நாடகத்தைப் புதிதாகப் பயிற்றுவிக்க வேண்டியதில்லை. கடைசி வாரத்தில் திடலில் சுண்ணாம்பால் 24 அடிக்கு 16 அடி கட்டம் ஒன்று வரைந்து, ஒரு பக்கத்தில் மட்டும் வகுப்புப் பிள்ளைகளை உட்கார வைத்து நான்கைந்து முறை ஆடிப் பார்த்தால் பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். பெரிய வட்டத்துக்குப் பழகிய குரலும் உடம்பும் ஒரு பக்கத்துக்குத் திரும்புவது எளிது. மைக்கின் முன் நின்று பழகியவர்களை வட்டத்துக்குள் கொண்டுவரத்தான் மாதக்கணக்கில் ஆகும்.